காலிக் கட்டம் பார்க்கும் மேடம்

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். எங்கள் மேடம் யார் வரவில்லை என்று பார்ப்பார். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு மண்டபத்தை ஒரு முறை கண்ணால் சுற்றி வந்துவிட்டு, நேராக ஒருவரிடம் போய்க் கேட்பார். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பிடித்து, "பெரிய பையன் எங்கம்மா? போட்டோவுல காணோமே?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமலே அழ ஆரம்பித்தாள். பெரியவன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போயிருந்தான். எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் முடியும்வரை யாரும் அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று அந்தக் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. பாதிப் பந்தி எழுந்து போய் அந்த அம்மாளைத் தேற்றியது. மேடம் இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது, எழுதினால் இன்னும் பிடிக்காது. நாற்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத்து வேலைக்காரர் என்பது வரைதான் எங்களுக்குத் தெரியும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் ஆம்பிளை வாட்ச், முடியில் சொருகிய சிவப்புப் பென்சில். கூட்டுகிற ஆயாவிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதையே எங்களுக்குப் பயமாக இருக்கும். திட்டுகிறவர்களை நம்பலாம். 'நீங்க ஏன் இன்னிக்கு சரியா சாப்பிடல?' என்று கேட்கிறவரிடம் எதை மறைப்பது?

ஊரில் அவருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அதற்குக் காரணம் குடைக்காரர். அவர் தனியாக இருந்த ஒரு பென்ஷன் ஆசாமி. வெயிலோ மழையோ, பெரிய கறுப்புக் குடையோடு பால் பூத்துக்கு வருவார். யாரோடும் பேச மாட்டார். ஒருநாள் காலையில் வரிசையில் நின்றிருந்த மேடம் திடீரென்று திரும்பி, "அந்தக் குடைக்காரர் இன்னா ஆனாரு? ரெண்டு மூணு நாளா வரலயே?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆட்கள் போய்ப் பார்த்தபோது கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. உடைத்துத் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். செத்த மனிதரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டாமா? ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அந்தம்மா கேட்டாங்க, ஆளு பூட்டாரு." அன்றிலிருந்து, "அந்தம்மா வாயில விழாதே" என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வராதவர்கள்கூட மேடம் விசாரிக்கும் முன்பே ஆள் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் தொழிற்சாலை பெரியதல்ல. பெரிய வண்டிகளுக்கான ஹைட்ராலிக் சிலிண்டர்களைப் பழுது பார்த்துக் கொடுக்கிற தனியார் பட்டறை. ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி, சயனைட் மேட்டுப் பக்கமாக இருந்தது. காற்றடித்தால் சுரங்கத்துக் கழிவு மண் பறந்து வந்து ஜன்னல் விளிம்பில் படியும். நானும் மேடமும் கம்ப்யூட்டர் செக்‌ஷன். பட்டறையில் ஒவ்வொரு ஆளும் ஷிஃப்ட் தொடங்கும்போது தன் மிஷினின் பிரஷரையும் எண்ணெய்ச் சூட்டையும் ஒரு ஷீட்டில் எழுதி அனுப்புவான். நான் அதை டைப் அடிப்பேன். மேடம் அதிலிருந்து முதலாளிக்கு ரிப்போர்ட் எடுப்பார்.

என் தம்பி அன்பும் அங்கேதான் வேலை செய்தான். டெஸ்டிங் ஷெட்டில் ரங்கண்ணனுக்கு உதவியாள். பழுது பார்த்த சிலிண்டரில் எண்ணெயை முழு பிரஷரில் ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்கிற இடம் அது. அவனை அங்கே சேர்த்துவிட்டவன் நான். எங்கள் அப்பா சுரங்கத்தில் ஏர் பிளாஸ்டில் போனவர். பூமிக்குள்ளே பாறை தானாக வெடித்துச் சரிவதைத்தான் எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அப்பா போன பிறகு அம்மா எங்கள் இருவரிடமும் வாங்கிய ஒரே சத்தியம், வேலை நிலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதுதான். கிடைத்த வேலை கூரைக்குக் கீழே, வெளிச்சத்தில் இருந்ததால் அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள்.

இதையெல்லாம் நான் மேடத்திடம் சொன்னதில்லை. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே அவராகக் கேட்டார். "நீங்க அம்மாவப் பத்திப் பேசறீங்க. அன்பப் பத்தி நாளெல்லாம் பேசறீங்க. அப்பாவப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வர்றதே இல்லயே?" எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு எதுக்கு மேடம் அது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். சாயங்காலம் நானாக வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்ததும், "அன்பு ரீடிங் எழுதறானா, ரங்கண்ணன் எழுதறாரா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி புரிய வேண்டுமானால் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டறையில் வேலை செய்தவர்கள் பாதிப் பேருக்குமேல் சுரங்கத்துக் குடும்பம். சுரங்கத்துக்குள் யாரும் கெட்டதைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். 'கூரை சரியில்லை' என்று வாயால் சொன்னால் அதைக் கூப்பிட்டது போல. தலைமுறை மாறி, வேலை மேலே வந்தும் பழக்கம் போகவில்லை. மீட்டர் முள் நிலையாக நின்றால் எண்ணை எழுதுவார்கள். முள் ஆடினாலோ, ஏறக்கூடாத அளவுக்கு ஏறினாலோ அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டுவிடுவார்கள். எழுதவும் மாட்டார்கள், வந்து சொல்லவும் மாட்டார்கள். காலிக் கட்டம் என்றால் 'யாராவது வந்து பாருங்க' என்று அர்த்தம். முன்பிருந்த சூப்பர்வைசருக்கு அது தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையை மேடம் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டதுதான்.

தினமும் காலையில் ஷீட்டுகள் வந்ததும் எண்களைப் பார்க்கவே மாட்டார். சிவப்புப் பென்சிலை உருவி, காலிக் கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு எழுந்து நடப்பார். ஷெட்டில் போய் நின்றால் ரங்கண்ணன் வானத்தைப் பார்ப்பார். மேடம் மீட்டரைப் பார்ப்பார். "இத நிறுத்துங்க ரங்கண்ணா" என்பார். அவரும், "நீங்க சொன்னா சரி மேடம்" என்று நிறுத்துவார். இருவரும் என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை பேசியதை நான் பார்த்ததில்லை. "எழுதினத எல்லாரும் படிப்பாங்க. எழுதாதத யாராவது படிக்கணுமில்ல?" என்பார் மேடம், திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்போது. அவர் திரும்பி வருகிறவரை எனக்குக் கை டைப் அடிக்கும், காது ஷெட்டுப் பக்கம் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர் எல்லாம் தலைகீழாகிவிடும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் முதலாளியும் பயந்தார். அவர் பெங்களூர்க்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். பழைய புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டறை முழுவதையும் ஒரே திரையில் காட்டுகிற மாதிரி புது சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று முடிவு செய்தார். பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்று அதற்குப் பெயர். மூன்று கம்பெனிக்காரர்களை வரவழைத்தார். எது நல்லது என்று சோதித்து எழுதித் தரும் பொறுப்பு மேடத்துக்கு.

வந்தவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தக் கணக்கைக் கொண்டுவந்திருந்தார்கள். ஏதோ ஒரு ஊரில் சோப்பு விற்ற கணக்கு. அதில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், எல்லாக் கோடும் மேலே ஏறும். மேடம் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "பொண்ணு பார்க்க வந்துட்டு பக்கத்து வீட்டுப் பொண்ணக் காட்டறீங்களே" என்று சொல்லி, எங்கள் ஷீட்டுகளை ஏற்றிய ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார். கூடவே ஒரு வேலையும் செய்திருந்தார். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையை முழுவதுமாக அழித்துவிட்டிருந்தார்.

முதல் சாஃப்ட்வேர் காலிக் கட்டம் உள்ள வரிகளையே தின்றுவிட்டது. ரங்கண்ணன் பெயர் பாதி நாள் பட்டியலிலேயே இல்லை. "ஆளயே காணோமே? இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார் மேடம். இரண்டாவது, காலியைக் காலியாகவே காட்டியது. ஆனால் பார்க்க அழகில்லை. பழைய ரயில்வே டைம்டேபிள் போலக் கட்டம் கட்டமாக இருந்தது. முதலாளி கொட்டாவி விட்டார். மூன்றாவதைக் கொண்டுவந்தவர் டை கட்டிய ஒரு இளைஞர். அவர் பட்டனைத் தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் எரிந்தன. முதலாளி நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஃபிளாப்பியை ஏற்றியதும் எல்லா விளக்கும் பச்சையானது. நான்கூட ஆஹா என்றேன். மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இந்தச் செவ்வாக்கிழமை நான் அழிச்சது. இதுக்கும் கோடு போட்டிருக்கே?"

"அது மேடம், திங்களுக்கும் புதனுக்கும் நடுவுல சேர்த்துக்கும். கோடு உடையாம அழகா வரும்."

"நடக்காத நாளுக்கு அழகு எதுக்கு?" என்றார் மேடம். "சரி, இந்தக் கட்டம் காலி. இது ஏன் பச்சை?"

"காலின்னா ஒண்ணுமில்ல, சைபர். சைபர்னா பிரச்சனை இல்ல. பச்சை."

மேடம் முதலாளியைப் பார்த்தார். "சார், எங்க ஆளுங்க நல்லத எழுதுவாங்க. கெட்டத எழுத மாட்டாங்க. இது வந்தா, எங்க ஆபத்து கீதோ அங்கதான் பச்சை எரியும்."

முதலாளி சிரித்தார். "மேடம், பிளாங்க்னா பிராப்ளம் இல்லன்னு உலகம் பூரா அர்த்தம். உங்க ஆளுங்களுக்கு எழுதக் கத்துக் கொடுங்க. சும்னே, சும்மாவே தினமும் ஷெட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கீங்க."

மேடம் இரண்டாவதுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவதற்குக் கீழே, 'இதை வாங்கினால் ஆள் அடிபடும்' என்று ஒரே வரி. ஒரு சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டில் எழுதுகிற வாக்கியமா அது? முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்ன சாபமா?" என்று கேட்டார். அவருக்கும் குடைக்காரர் கதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவதையே வாங்கினார். வெளுத்ததெல்லாம் பால் என்பது போல அவருக்குப் பச்சையெல்லாம் லாபம்.

ஆபீஸ் கூடத்தில் பெரிய திரை ஒன்று வந்தது. எங்களுக்கு அது 'போர்டு'. ஷீட்டுகள் ஆபீஸுக்கு வருவது நின்றது. ஷெட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அங்கேயே ஒரு ஆள் டைப் அடிக்க ஏற்பாடு செய்தார்கள். காகிதம் வராததாலும், போர்டில் காலியும் பச்சையாகவே எரிந்ததாலும் மேடத்துக்கு வட்டம் போட ஒன்றுமில்லை. அவர் எல்லா மிஷினையும் சுற்றி வர ஆரம்பித்தார். முதலாளி கண்டித்தார். ஆள் வைத்து நேரம் குறித்தார். மேடம் சாப்பாட்டு நேரத்தில் போனார், அதையும் தடுத்தார்கள். நான் அன்புவிடம், "முள்ளு ஆடினா வாயத் தொறந்து சொல்லுடா" என்று சொல்லிப் பார்த்தேன். "நல்ல நாள்ல இன்னா பேச்சு பேசற?" என்று என்னை அடக்கினாள் அம்மா. அந்த நாட்களில் நான் போர்டுப் பக்கம் திரும்பாமல் நடப்பேன். மற்றவர்கள் போர்டைக் கடந்து போகும்போது ஒரு புன்னகையோடு போவார்கள்.

பிறகு மேடத்தையே அந்த சாஃப்ட்வேர் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவர் முதலாளியின் அறைக்குப் போய், "நாளைக்கு யாரையாவது ஷெட்டுக்கு ஒரு நடை அனுப்புங்க சார்" என்றார். "போர்டு இருக்கே மேடம், போய்ட்டு வாங்க" என்றார் முதலாளி. கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் காலை டீ வந்த நேரம். தடால் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த டீ தளும்பியது. வெளியூர்க்காரர்களாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து ஆடுகிற தரையில் வாழ்ந்தவர்கள். எங்கள் வீடுகளில் சுவரில் விரிசல் இல்லாத அறை கிடையாது. சுரங்கத்தில் அப்போது வேலை குறைந்துவிட்டிருந்தாலும் பூமிக்குள் பாறை வெடிப்பது நிற்கவில்லை.

"ஏர் பிளாஸ்ட்" என்றார் கணக்கர்.

"எந்த ஷாஃப்ட் பக்கம்?"

"மாரிகுப்பம் பக்கம் போலக் கீது."

எல்லோரும் ஒருமுறை போர்டைப் பார்த்தோம். எல்லாம் பச்சை. கணக்கர் தன் மாமனார் காலத்து ஏர் பிளாஸ்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் தொட்டிலோடு பிள்ளை தரையில் விழுந்த கதை. டீ ஆறுவதற்குள் குடித்தோம். இரண்டாவது கதையும் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அன்பு வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் எண்ணெய். கையில் ஸ்டோரிலிருந்து வாங்கிய புது ரப்பர் சீல் அப்படியே இருந்தது. ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டினான். அவன் உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதே புரிந்தது.

எண்ணெய் ஏற்றும் பிரஷர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு ரங்கண்ணனை முகத்தில் அடித்திருந்தது. தாடை உடைந்து, ஒரு கண் போய்விட்டிருந்தது. சீல் வாங்கப் போயிருந்த அன்பு திரும்பி வருகிறவரை அவர் எண்ணெய்க் குட்டையில் தனியாகக் கிடந்தார். மற்ற ஷெட்டுக்காரர்களும் எங்களைப் போலவே ஏர் பிளாஸ்ட் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். உயிர் பிழைத்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பவில்லை. அன்று காலை அவருடைய கட்டம் காலி. நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் கூடத்தில் அவர் பெயருக்கு நேரே பச்சை எரிந்துகொண்டிருந்தது.

மேடம் மறுநாள் வந்தார். யாரையும் திட்டவில்லை, 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராகப் போனை எடுத்து அந்த டை கட்டிய இளைஞரைக் கூப்பிட்டார். "காலிக் கட்டத்தைப் பச்சையில்லாம வேற நிறத்துல காட்ட முடியுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரை மெல்ல வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டார். பழைய நாட்களை எடுத்துக் காட்டச் சொன்னார். போர்டில் அங்கங்கே சாம்பல் நிறம் தோன்றியது. ரங்கண்ணன் பெயருக்கு நேரே வரிசையாகச் சாம்பல். அந்த மனிதர் எத்தனையோ நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இவ்ளோதானா மேடம்?" என்று கேட்டேன்.

"இவ்ளோதான். முதல்லேருந்தே இருந்திருக்கு. கேட்டவங்களுக்குத்தான் சொல்வாங்களாம்." அவர் முகத்தில் அன்று ஒரு நிம்மதி இருந்தது. ரங்கண்ணனுக்கு நேர்ந்தது நேர்ந்துவிட்டது, இனி ஒருவருக்கும் நேராது என்கிற நிம்மதி. அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரே நாள் அதுதான்.

முதலாளியும் அந்தச் சாம்பலைப் பார்த்தார். அவருக்கும் மனசு ஆடித்தான் போயிருந்தது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். ஆனால் சாம்பலைப் பார்த்தவருக்கு வேறொன்று தோன்றியது. சாயங்காலம் எல்லோரையும் ஷெட்டில் கூட்டினார். "எழுதாம விட்டதுனாலதான் இந்த ஆக்சிடென்ட். இனிமே ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. காலி விட்டா அன்னிக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

மேடம் கூட்டத்தின் பின்னாலிருந்து, "சார், வேண்டாம்" என்றார். "சார், அத மட்டும் பண்ணாதீங்க. காலி விடட்டும். தயவு பண்ணி விடட்டும்." யாரிடமும் கெஞ்சிப் பார்த்திராத பெண்மணி. முதலாளி, "நீங்கதான மேடம் காலி ஆபத்துன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அன்புவும் நின்றான். அன்றுமுதல் ரங்கண்ணன் இடத்தில் அவன்தான்.

மறுநாள் காலையில் நாங்கள் வந்தபோது போர்டில் ஒரு சாம்பல்கூட இல்லை. எல்லாக் கட்டத்திலும் எண் இருந்தது. எல்லாம் நல்ல எண். எல்லாம் பச்சை.

மேடம் பையைக்கூடக் கீழே வைக்காமல் போர்டின் முன்னால் நின்றார். ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி மேலிருந்து தொடங்கினார். கை தன்னால் தலைக்குப் போய்ப் பென்சிலை உருவியது, பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றது. குடைக்காரர் வீட்டுக் கதவை உடைத்தபோதுகூட முகம் மாறாமல் நின்றவர். அன்று அவர் பயந்துபோயிருந்ததைப் பார்த்தேன்.

"இன்னா மேடம்?"

"எல்லாரும் எழுதிட்டாங்க" என்றார். "இனிமே எனக்கு ஒண்ணும் தெரியாது."

மத்தியானத்துக்கு மேல் என் மேஜைக்கு வந்தார். "அன்பு எழுதியிருக்கறது நல்ல எண்ணு. ஆனா மூணு மிஷினுக்கும் ஒரே எண்ணு" என்றார் தணிந்த குரலில். "என்னய ஷெட்டுக்கு விடமாட்டாங்க. நீங்க வீட்ல கேளுங்க. அண்ணனாக் கேளுங்க." அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் எங்களோடு இருந்தார். யாரையும் எதையும் விசாரிப்பதில்லை. இரண்டாயிரத்தொன்றில் சுரங்கம் மூடிய சமயம், அவரும் வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டோடு எங்கேயோ போய்விட்டார் என்று சொன்னார்கள். ஊரே காலியாகிக்கொண்டிருந்ததால் ஒருவர் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் சொன்ன அன்று சாயங்காலமே கேட்டேன். அன்பு வேலையிலிருந்து வந்து குழாயடியில் கையில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்பு, மீட்டர் முள்ளு எப்படிடா கீது?"

"எழுதித்தான கீறேன்."

"எழுதினது இருக்கட்டும். நெஜமா எப்படி?"

அவன் சோப்பை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தான்.

"ண்ணா, காலைல போர்டப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என் பேருக்கு இன்னா கலரு?"

"பச்ச."

"பின்ன இன்னா கேக்கற?" என்றான்.

என் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, சோறு போடு" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.